வேளாங்கண்ணி புட்டி

பெரிய வியாழன் சாயங்காலம், பாதம் கழுவும் பூசைக்குப் போகப் புடவை மாற்றிக்கொண்டிருந்தபோது எல்சியின் தலை விமானத்தின் இறக்கையில் இடித்தது. அந்த வீட்டில் அது அடிக்கடி நடப்பதுதான். இராயபுரம் பனைமரத்தொட்டித் தெருவுக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டுக்கு ஒரே அறை. அறையில் பாதிக்கு மேலே பரண். மீதிப் பாதியில், தொட்டில் கட்டவென்று என்றைக்கோ அடித்து வைத்த கொக்கியில், நாலடி இறக்கையோடு விமானம் தொங்கியது. காற்றே இல்லாத நாளிலும் அது மெதுவாகத் திரும்பிக்கொண்டிருக்கும். அதன் மூக்கு ஒரு சமயம் வாசலைப் பார்க்கும், ஒரு சமயம் மாதா பீடத்தைப் பார்க்கும்.

“தோ பாருங்க, இன்னொரு வாட்டி இது என் மண்டையில இடிச்சா அடுப்புல வெச்சிருவேன்” என்றாள்.

“வெய்யி” என்றான் அவள் புருஷன் கஸ்பார். தரையில் உட்கார்ந்து, கோழிமுட்டை அளவேயான இன்ஜினை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தான். “ரொம்ப நல்லா எரியும். வூடும் சேர்ந்து எரியும்.”

பரணிலிருந்து எல்சியின் அண்ணன் அம்புரோஸ் தலையை நீட்டினான். “இன்னா மாப்ளே, ஒரு வருசமா கட்றே. கப்பலே கட்டி முட்ச்சிருப்பானுங்க. இது பறக்குமா, இல்ல எந்தங்கச்சி தலைய இடிக்கிறதுக்குன்னே கட்னியா?”

“பறக்கும் மச்சான். ஈஸ்டர் முடியட்டும். எண்ணூர் மணல்ல வுட்டுக் காட்றேன்.”

கஸ்பார் துறைமுக ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். நார்வேக் கப்பல் ஒன்றின் வயர்லெஸ் ஆபீசர், தன் பொம்மை விமானத்தைப் புயலில் நொறுக்கிக்கொண்டவர், மிச்சமிருந்த இன்ஜினையும் இரண்டு ரேடியோப் பெட்டிகளையும் அவனிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சோப்புக்கட்டி அளவுப் பெட்டி விமானத்தின் வயிற்றுக்குள் உட்காரும். நீளமான கம்பி வைத்த பெரிய பெட்டி கையில் இருக்கும். அதில் ஒரே ஒரு பொத்தான். ஒரு அழுத்து அழுத்திப் பிடித்தால் வால் வலது பக்கம் திரும்பும். இரண்டு அழுத்து அழுத்திப் பிடித்தால் இடது பக்கம். விட்டுவிட்டால் நேர். விமானத்துக்கு மனிதன் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

பாக்கியெல்லாம் இராயபுரத்திலேயே கிடைத்தது. துறைமுக ஏலத்தில் வந்த பழைய கப்பல் மிதவையைப் பிளந்தால், உள்ளே தக்கை மாதிரி லேசான மரம். அதை அரை பிளேடால் சீவிச் சீவி விலா எலும்புகள் செய்தான். மேலே ஒட்டியது சிவப்பும் வெள்ளையுமான காத்தாடித் தாள். ஒட்டியது அவன் இல்லை. அவன் விரல் பட்டால் தாள் கிழிந்துவிடும். கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்டிக் கட்டிப் பழகிய கை எல்சியுடையது. தாளை ஒட்டி, வாயில் தண்ணீர் வைத்து மெல்லிசாக ஊதி நனைப்பாள். காயும்போது அது தானே இழுத்துக்கொண்டு பறை மாதிரி விறைக்கும். நகத்தால் சுண்டினால் ‘டங்’ என்று ஒரு சத்தம் வரும். வேலையை வைதுகொண்டே செய்வாள். ஆனால் அந்தச் சத்தம் கேட்பதற்காக, வீட்டில் யாரும் இல்லாதபோது அவளே போய்ச் சுண்டிப் பார்த்ததுண்டு.

அவளுக்குப் பிடிக்காதது ஒன்றுதான். அந்த இன்ஜின் குடிக்கிற எண்ணெய்.

மூன்று பங்கு ஸ்பிரிட்டுக்கு ஒரு பங்கு விளக்கெண்ணெய். விளக்கெண்ணெய் நாட்டு மருந்துக் கடையில் கிடைத்தது. ஸ்பிரிட்டைக் கொண்டுவந்து கொடுத்தவர் சௌக்கத் அலி, கஸ்பாரோடு சின்ன வயதில் மாஞ்சா போட்டுக் காத்தாடி விட்ட தோஸ்து. திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு பெயிண்ட் கம்பெனியில் ஸ்டோரில் இருந்தார். டின் மேல் சிவப்பில் மண்டை ஓடும் எலும்பும் போட்டு ‘மெத்தனால்’ என்று எழுதியிருக்கும். டின்னுக்குக் கம்பெனியில் கணக்குக் காட்ட வேண்டும் என்று, ஸ்பிரிட்டை ஊற்றிவிட்டுக் காலி டின்னைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

மதுவிலக்கு இருந்த காலம் அது. வீட்டில் ஸ்பிரிட் வைத்திருப்பதே குற்றம். எதிர்ச் சந்தில் போலீஸ் புகுந்து, அலமாரிக்குப் பூச பாலிஷ் வைத்திருந்த தச்சரைக் கையோடு பிடித்துக்கொண்டு போன அன்றைக்கு எல்சி ஓடிவந்து கதவைத் தாழ் போட்டாள். அவள்தான் யோசனை சொன்னாள். பீடத்தில் வேளாங்கண்ணியிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்த பெரிய கண்ணாடிப் புட்டி காலியாக இருந்தது. நீல முக்காடு போட்ட மாதா படம் ஒட்டிய புட்டி. “அதுல ஊத்தி வெச்சிடுங்க. எந்தப் போலீஸ்காரன் மாதா புட்டியத் திறந்து மோந்து பார்க்கப் போறான்?”

கஸ்பார் யோசித்து ஒப்புக்கொண்டான். ஆனால் மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் சிவப்பு மையால் ஒரு மண்டை ஓடு வரைந்து கொண்டுவந்து, புட்டியின் பின்பக்கம் ஒட்டினான். அவன் வேலைக்குப் போனதும் எல்சி அதைப் பார்த்தாள். முன்னால் மாதா, பின்னால் மண்டை ஓடு. விளக்கு ஏற்றினால் கண்ணாடி வழியாக அது மாதாவின் வயிற்றில் தெரிந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஈரத்துணியை வைத்து ஊறவைத்துச் சுரண்டி எடுத்துவிட்டாள். அவனிடம் சொல்லவில்லை. வீட்டில் இருப்பது மூன்று பேர், அது விஷம் என்று மூன்று பேருக்கும் தெரியும் என நினைத்துக்கொண்டாள்.

உண்மையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

அம்புரோஸ் துறைமுகத்தில் வின்ச் டிரைவர். கப்பலின் அடியறையிலிருந்து மூட்டைகளைத் தூக்குகிற எந்திரத்தை ஓட்டுபவன். ‘ஹட்ச்’ என்கிற அறை வாயில் நிற்கிற ஆள் காட்டுகிற கை சாடையைப் பார்த்துத்தான் ஏற்றுவான், இறக்குவான். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் கட்டவில்லை. நல்ல தொழிலாளி, நல்ல வாயாடி, மோசமான குடிகாரன். அந்த வருஷம் விபூதிப் புதனன்று, சாம்பல் பூசிய நெற்றியோடு வந்து, “தவக்காலம் முச்சூடும் தொட மாட்டேன்” என்று தங்கை முன்னால் சொன்னான். தொடவும் இல்லை. கை நடுங்கியது, ராத்திரி வியர்த்துக் கொட்டியது, வாய்க்கு ருசியில்லாமல் ஊறுகாயை நக்கினான். ஆனாலும் தொடவில்லை. எல்சி பயந்துகொண்டே சந்தோஷப்பட்டாள்.

ஈஸ்டர் ஞாயிறன்று ஆட்டுக்கால் பாயாவும் இடியாப்பமும் சாப்பிட்டுவிட்டு, கஸ்பாரும் எல்சியும் தண்டையார்பேட்டையில் இருந்த அவன் அக்கா டோரதி வீட்டுக்குப் போனார்கள். அம்புரோஸ் வரவில்லை. “வயிறு முட்டிக்கினு கீது. நீங்க போய்ட்டு வாங்க” என்றான்.

பொழுது சாய்ந்து திரும்பியபோது, தரையில் கையை விரித்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். முகத்தில் ஒரு சிரிப்பு. எல்சிக்குச் சுருக்கென்றது. குனிந்து வாயை முகர்ந்தாள். இத்தனை வருஷத்தில் அவளுக்குச் சாராயத்தின் எல்லா வாசனையும் தெரியும். காசிமேட்டுச் சந்தில் கோவிந்தம்மா விற்கிற பட்டைச் சரக்கின் வாசனை தூரத்திலேயே தெரியும். அதில் எதுவும் இல்லை. எலுமிச்சம்பழம் தின்ற வாசனைதான்.

“குடிக்கல” என்று புருஷனிடம் கிசுகிசுத்தாள். “வெறும் தூக்கம்தான்.” பீடத்தில் ஒரு மெழுகுவத்தி அதிகமாக ஏற்றினாள்.

திங்கட்கிழமை ஒர்க்‌ஷாப் லீவு. காலையிலிருந்தே காற்று செத்துக் கிடந்தது. துறைமுகத்துப் பக்கமிருந்து பறந்து வருகிற இரும்புத்தாதுத் தூசி கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துணியில் செம்பழுப்பாகப் படிந்தது. கருவாட்டு வாடை சந்துக்குள்ளிருந்து நகரவில்லை. கஸ்பார் மட்டும் உற்சாகமாக இருந்தான். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று வரும், எண்ணூருக்குப் போகலாம் என்று கணக்குப் போட்டு, எண்ணெய் கலக்க உட்கார்ந்தான். கண்ணாடி ஊறுகாய் ஜாடியில் விளக்கெண்ணெயை அளந்து ஊற்றினான். பீடத்திலிருந்து புட்டியை எடுத்து ஸ்பிரிட்டை ஊற்றினான். மூடியைப் போட்டுக் குலுக்கினான்.

எப்போதும் அது தெளிந்த தேன் நிறத்துக்கு வரும். அன்றைக்கு வெளுத்தது.

அரிசி களைந்துகொண்டிருந்த எல்சி எட்டிப் பார்த்தாள். “இன்னாங்க, மோர் மாதிரி கீது?”

அவன் ஜாடியைக் கண்ணுக்கு நேரே தூக்கினான். மறுபடி குலுக்கினான். இன்னும் வெளுத்தது. தரையில் வைத்ததும் எண்ணெய் முத்து முத்தாகப் பிரிந்து கீழே இறங்கத் தொடங்கியது.

“தண்ணி” என்றான்.

“இன்னாது?”

“ஸ்பிரிட்டுல தண்ணி சேர்ந்தா எண்ணெய் கலக்காது. பிரிஞ்சிடும். இத்தினி வெளுக்குதுன்னா நெறய தண்ணி.”

“சௌக்கத் பாய் தண்ணி ஊத்திக் குட்த்தாரா?”

“போன வாரம் இதே புட்டிலேந்து எடுத்து இன்ஜின் ஓட்டல? கத்துச்சே, தெருவே வந்து பார்த்துதே. அப்ப நல்லா இருந்துது.” அவன் புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். திருப்பினான். பின்பக்கம் வெறும் கண்ணாடி. விரலால் தடவிப் பார்த்தான். “எல்சி, இங்க ஒரு படம் ஒட்டியிருந்தேனே. மண்டை ஓடு. எங்க அது?”

எல்சியின் கையில் அரிசித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் கையை முந்தானையில் துடைத்தாள். அவன் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பரணைப் பார்த்தார்கள். பாய் சுருட்டிக் கிடந்தது. ஆள் இல்லை.

“டீ குடிக்கப் போச்சு” என்றாள். “தலைவலின்னு சொல்லிச்சு. தலைவலின்னு சொல்லிட்டு எழுந்து போச்சு.”

கஸ்பார் சட்டையைத் தேடினான். அதற்குள் வாசலில் நிழல் விழுந்தது. அம்புரோஸ் நிலைப்படியைக் கையால் தடவிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“யம்மாடி, இன்னா பனி! சித்திரை பொறக்கப் போவுது, மார்கழி மாதிரி மூட்டம் போட்டுக்கினு கீது. எதிர்ல வர ரிக்‌ஷா தெரில. ஒருத்தன் காலை மிதிச்சிட்டுப் பேஜாரா பூட்ச்சு” என்றான்.

எல்சி வாசலுக்கு வெளியே பார்த்தாள். சந்தில் வெயில் வெள்ளையாகக் கொதித்துக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு ஓட்டின் நிழல் கத்தியால் வெட்டி வைத்த மாதிரி தரையில் கிடந்தது.

“மச்சான்” என்றான் கஸ்பார். “பீடத்துல இருந்த புட்டியத் தொட்டியா?”

அம்புரோஸ் சிரித்தான். பிடிபட்ட பையனுடைய சிரிப்பு. “கண்டுபுட்ச்சிட்டியா? தண்ணி ஊத்தி ரொப்பி வெச்சேனே.”

“எவ்ளோ குட்ச்சே?”

“கோச்சிக்காத மாப்ளே. தவக்காலம் முட்ச்சிட்டேன் இல்ல? ஈஸ்டருக்கு ஒரு வாய் போட்டா ஆண்டவர் இன்னா சொல்லிடுவார்? ரெண்டு கிளாஸ். எலுமிச்சம்பழம் புழிஞ்சிகினேன்.” கீழே உட்கார்ந்தான். நெற்றியைப் பிடித்துக்கொண்டான். “மாதா புட்டில ஒளிச்சு வெச்சிகிறீங்களே, சும்மா சரக்கா இருக்குமா, கப்பல் சரக்குதான்னு நெனச்சேன். சத்தியமா சொல்றேன், நல்லாவே இல்ல. எவனோ உன்னிய ஏமாத்திட்டான்.”

“அது குடிக்கிறது இல்ல மச்சான். ஏரோப்ளேனுக்கு ஊத்தறது. வெசம்.”

“வெசம்னா நேத்தே செத்திருக்க மாட்டனா?” அம்புரோஸ் தங்கை இருந்த பக்கம் திரும்பினான். “நல்லா தூங்கினேன். தோ, ஒக்காந்துக்கினு பேசிக்கினு கீறேன். ஏன்மே அழுவுறே? அழுவுறியா நீ?”

அவள் அழுவது அவனுக்குத் தெரியவில்லை, கேட்டது.

கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் டாக்டரம்மா தேவகிருபையின் கிளினிக் இருந்தது. பண்டிகை லீவுக்கு மூடியிருந்த கதவைத் தட்டித் திறக்க வைத்தார்கள். டாக்டரம்மா அம்புரோஸின் கண்ணில் டார்ச் அடித்தாள். அணைத்தாள். மறுபடி அடித்தாள். “வெளிச்சம் தெரியுதா?”

“பனிக்குள்ள லாரி வர மாதிரி தெரியுது, டாக்டர்.”

அவள் எல்சியையும் கஸ்பாரையும் தனியே அழைத்தாள். “இந்த விஷம் உடனே காட்டாது. ஒரு நாள் ஒளிஞ்சிருந்துட்டு வரும். கண்ணுக்கு வந்துடுச்சு. அடுத்தது மூச்சுக்கு வரும். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க.” உள்ளே போய், அவசரத்துக்கு வைத்திருந்த பிராந்தி புட்டியைக் கொண்டுவந்தாள். அடியில் கொஞ்சம்தான் இருந்தது. “இதை இப்பவே குடுங்க.”

“பிராந்தியா?” எல்சிக்குத் தான் கேட்டது சரியா என்று தெரியவில்லை. “குட்ச்சதாலதானே டாக்டர்...”

“நல்ல சாராயம் உள்ள இருக்கறவரைக்கும் இந்த விஷம் வேலை செய்யாது. அதான் மருந்து. இது போதாது. வழியெல்லாம் குடுத்துக்கிட்டே போகணும். கலப்படம் இல்லாததா கிடைக்குமா பாருங்க. அப்புறம், ஆஸ்பத்திரில பேரைச் சொல்லுங்க. மெத்தனால். போலீஸுக்குப் பயந்து கள்ளச்சாராயம்னு மட்டும் சொல்லிடாதீங்க. சொன்னா வேற வைத்தியம் ஆரம்பிச்சிடுவாங்க.”

கஸ்பார் டாக்சி பிடிக்க ஓடினான். எல்சி காசிமேட்டுச் சந்துக்கு ஓடினாள்.

போன வருஷம் இதே சந்துக்கு, மாதா கோயில் மரியாயின் சேனைப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு துடைப்பத்தோடு வந்தவள் அவள். கோவிந்தம்மாவின் பானைகள் இரண்டை அவள்தான் உடைத்தாள். கோவிந்தம்மா இப்போதும் அதே இடத்தில், வாசலில் சட்டி வைத்து நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தாள். எல்சி மூச்சிரைக்க வந்து நின்றதும் கரண்டியை ஓங்கினாள்.

“இன்னாமே, இன்னிக்கு தொடப்பக்கட்டைய காணோம்? தனியா வந்துகிறே?”

“சரக்கு வோணும்.”

கோவிந்தம்மா சுற்றிலும் பார்த்தாள், தெருவே சிரிக்கும்படி ஒரு சிரிப்பு சிரித்தாள். “அடி சக்கை! யாருக்கு? உங்க ஃபாதருக்கா? ஈஸ்டர் இல்ல?”

“எங்கண்ணனுக்கு.”

“தோ பார்றா. நாப்பது நாளு இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கல அந்த ஆளு. போனா போவுது, திருந்திட்டான்னு நானே மாரியாத்தாளுக்குக் கற்பூரம் கொளுத்தலாம்னு இருந்தேன். நீ வாங்கிக் குடுக்க வந்துகிறே. தொடப்பத்த எடுத்த கையி...”

“அக்கா, ஸ்பிரிட்டைக் குட்ச்சிடுச்சு. கண்ணு போவுது. சாராயம்தான் மருந்துன்னு டாக்டரம்மா சொல்லிச்சு. கால்ல வுழறேன்.”

கரண்டி நின்றது. சட்டியில் நெத்திலி கருகியது. கோவிந்தம்மாவின் முகம் எல்லாச் சிரிப்பையும் உதிர்த்துவிட்டு, வயதான ஒரு முகமாக ஆனது. “ஸ்பிரிட்டா?” என்றாள். “எங்கொழுந்தன் அப்டித்தான். பாலிஷைக் குட்ச்சிட்டு, வெளக்கு ஏத்துங்க, வெளக்கு ஏத்துங்கன்னான், பட்டப் பகல்ல.” மேலே சொல்லாமல் உள்ளே போனாள். தவிட்டு மூட்டைக்குள்ளிருந்து ஒரு புட்டியை எடுத்து வந்தாள்.

எல்சி அதை வாங்கக் கை நீட்டினாள். பிறகு கை நின்றது. “இதுல இன்னா கலந்துகீது?”

“இன்னா கேட்டே?”

“இதுலயும் அது கலந்திருந்தா...”

கோவிந்தம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். பல்லால் தக்கையைப் பிடுங்கினாள். ஒரு டம்ளரில் ஊற்றி, கண்ணை மூடாமல், எல்சியைப் பார்த்தபடியே மடக்கு மடக்கென்று குடித்தாள். கவிழ்த்துக் காட்டினாள். “வெல்லம், பட்டை, தண்ணி. நான் வடிச்சது. பார்த்தியா? நிக்கிறேனா?”

எல்சி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோவிந்தம்மா நின்றாள், உதட்டைத் துடைத்தாள், மூச்சு விட்டாள். நேற்று சாயங்காலம் அம்புரோஸும் இப்படித்தான் மூச்சு விட்டுக்கொண்டு சிரித்த முகமாகப் படுத்திருந்தான். இவளைப் பார்த்து எதைத் தெரிந்துகொள்வது? நாளைக் காலையில் அல்லவா தெரியும்! ஆனால் நிற்க நேரமில்லை. புட்டியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு ஓடினாள்.

“ஓடாதமே, வுழுந்து ஒட்ச்சிடப் போறே!” என்று பின்னால் குரல் கேட்டது. “வேற கெடையாது!”

டாக்சியில் அண்ணன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவளே ஊற்றினாள். வெறும் வயிற்றில் அவன் வாந்தி எடுக்கப் பார்த்தான். மூக்கைப் பிடித்து ஊற்றினாள். வருஷக்கணக்காக அவன் கையிலிருந்து புட்டியைப் பிடுங்கிச் சாக்கடையில் கவிழ்த்தவள்.

“கோவிந்தம்மா சரக்கு இல்ல இது?” அவன் நாக்கு குழறியது. “எந்தங்கச்சி கையால... மாப்ளே, இதுக்கோசரம் எத்தினி வாட்டி வோணா வெசம் குடிக்கலாம்டா.”

“பேசாத மச்சான். முழுங்கு.”

“ஏன் டாக்சிக்குள்ள பொகை போட்டுக்கினு கீறான்?” என்றான் கொஞ்சம் கழித்து. டிரைவர் கண்ணாடியில் கஸ்பாரைப் பார்த்தார். பிறகு வண்டியை வேகமாக விட்டார்.

ஆஸ்பத்திரியில் எல்சி பேரைச் சொன்னாள். யாரிடம் சொல்வது என்று தெரியாமல், வெள்ளைக்கோட்டுப் போட்ட எல்லாரிடமும் சொன்னாள். மெத்தனால், மெத்தனால் என்று. ஜெபமாலை உருட்டுகிறவள் மாதிரி அவள் வாய் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. அம்புரோஸை உள்ளே கொண்டுபோனார்கள். வாசலில் கான்ஸ்டபிள் கஸ்பாரிடம், ஸ்பிரிட் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். துறைமுகத்தில் முகம் தெரியாத கப்பல்காரனிடம் வாங்கியதாக அவன் சொன்னான். சௌக்கத் அலி பேரைச் சொல்லவில்லை. கான்ஸ்டபிள் நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. “கூப்பிடுவோம். வரணும்” என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு சந்தில் யார் பூட்ஸ் சத்தம் கேட்டாலும் எல்சி அடுப்பிலிருந்து எழுந்து நின்றுவிடுவாள்.

மண்டை ஓட்டைப் பற்றிக் கஸ்பார் அவளிடம் மறுபடி கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் திட்டியிருக்கலாம், அடித்திருக்கலாம். ராத்திரிச் சாப்பாட்டில், “மீன் நல்லா கீது” என்றான். அவ்வளவுதான் பேசினான்.

அம்புரோஸ் சாகவில்லை. மூச்சு திணறி, வெளுத்து, திரும்பி வந்தான். வீட்டுக்கு வந்தபோது ஆள் பாதியாகியிருந்தான். ஆனால் வாய் முழுதாக இருந்தது.

“கண்ணு எப்டிண்ணே?”

“நல்லா கீது. ஓரத்துல கொஞ்சூண்டு பொகை. டாக்டரு சரியாப் பூடும்னாரு.”

எல்சி அவனைக் கவனித்தாள். நடக்கும்போது இடிக்கவில்லை. ஒரே அறை வீட்டில் அவன் எங்கே இடிப்பான்? வருகிறவர்கள் வாய் திறந்த பிறகுதான் பேர் சொல்லிக் கூப்பிட்டான். மீனை விரலால் தடவி முள் எடுத்தான். எல்லாரும் அப்படித்தானே எடுக்கிறார்கள்! விமானத்தின் கீழே போகும்போது மட்டும் தலையைக் குனியவில்லை. ஒரு தடவை இறக்கை நெற்றியில் பட்டது. “பழக்கம் வுட்டுப் பூட்ச்சு” என்று சிரித்தான். அதில் கிழிந்த தாளுக்கு எல்சி சிவப்புத் துண்டு ஒன்று ஒட்டினாள். ஊதி நனைத்தாள், நகத்தால் சுண்டிப் பார்க்கவில்லை.

பிறகு ஒரு நாள், “திங்கக்கெழமை டூட்டிக்குப் போறேன்” என்றான்.

கஸ்பார் சாப்பாட்டிலிருந்து நிமிர்ந்தான். “கொஞ்ச நாளு போவட்டும் மச்சான்.”

“இன்னாத்துக்கு? குந்திக்கினு துன்ற உடம்பா இது?”

“அடியறையில ஆளுங்க நிக்கிறானுங்க. நீ கை சாடை பார்த்து எறக்கணும். ஒரு மூட்டை தப்பி வுழுந்தா...”

“எனக்குக் கண்ணு தெரிலன்றியா?” அம்புரோஸ் தட்டைத் தள்ளினான். “நீ வெசத்தை வூட்ல வெப்பே, அப்பால என் வேலைக்கும் ஒல வெப்பே. இல்ல? சொல்லுமே, நீ சொல்லு. எனக்குத் தெரியுதா, தெரிலயா?”

எல்சி தட்டை மறுபடி அவன் பக்கம் நகர்த்தினாள். அவனுக்குத் தெரிய வேண்டும் என்று அவள் வேண்டிய வேண்டுதல் ஒன்றா இரண்டா! கண் தெரிந்துவிட்டால் அவள் சுரண்டிய மண்டை ஓடு வெறும் தாள்தான்.

அம்புரோஸ் எழுந்தான். பிறகு கையை மேலே நீட்டி, சரியாக, விமானத்தின் வயிற்றைத் தொட்டான். “இத்தப் பறக்க வுடு. எண்ணூர்ல. எங்க கீது, எந்தப் பக்கம் திரும்புதுன்னு நான் சொல்லிக்கினே வரேன். அம்மாம் தூரத்துல பறக்கிறது தெரிஞ்சா ஹட்ச்சுல நிக்கிறவன் கை தெரியாதா? சரியாச் சொன்னா டூட்டிக்குப் போறேன். தப்பாச் சொன்னா, நீ சொல்ற பேச்சு.”

கஸ்பாருக்கு அந்த விமானத்தை அடுப்பில் வைக்க வேண்டும் போலிருந்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ரயிலில் போனார்கள். இறக்கையை வேட்டியில் சுற்றி எல்சி குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டாள். எண்ணூரில் முகத்துவாரத்துக்கு இந்தப் பக்கம் மணல் விரிந்து கிடந்தது. தூரத்தில் அனல் மின் நிலையத்துக்காகக் கட்டுகிற புகைபோக்கி, பாதி வளர்ந்து, வாயைத் திறந்துகொண்டு நின்றது. கரையில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் இவர்களைப் பார்த்துவிட்டு வேலையை விட்டார்கள். கடல்காற்று மிதமாக வந்தது.

ஈஸ்டருக்கு முன்னால் கலக்கியதில் மிச்சமிருந்த நல்ல எண்ணெய் ஒரு சின்ன டப்பா அளவு இருந்தது. கஸ்பார் அதை விமானத்தின் தொட்டியில் ஊற்றினான். வாலைத் திருப்புகிற ரப்பர் முறுக்கைச் சரிபார்த்தான். பொத்தானை அழுத்தினான், வால் வலது பக்கம் துடித்தது. இரண்டு தடவை அழுத்தினான், இடது பக்கம். இன்ஜினுக்குப் பேட்டரியைக் கொடுத்து மூக்கிலிருந்த விசிறியைச் சுண்டினான். இன்ஜின் இருமியது, புகைந்தது, திடீரென்று கத்த ஆரம்பித்தது. குளவிக் கூட்டத்தைப் பானைக்குள் போட்டு மூடின மாதிரி சத்தம். விளக்கெண்ணெய் கருகுகிற வாசனை மணல் முழுக்கப் பரவியது.

“தூக்கி வுடு எல்சி! காத்தைப் பார்த்து ஓடு!”

அவள் புடவையைச் செருகிக்கொண்டு ஓடினாள். கையில் அது உயிருள்ளது மாதிரி அதிர்ந்தது. விட்டாள். ஒரு கணம் தரையைத் தொடப் போவது போலத் தாழ்ந்து, பிறகு எழும்பியது. அவள் ஒட்டிய சிவப்பும் வெள்ளையும் வெயிலில் ஒளிவிட, ஏறிக்கொண்டே போனது. வலைக்காரர்கள் விசில் அடித்தார்கள்.

அம்புரோஸ் கால்களை அகட்டி மணலில் நின்றான். வலது கையை நீட்டி, சுட்டு விரலால் வானத்தைக் காட்டினான். “தோ! ஏறுது!”

சரியாகத்தான் காட்டினான்.

“தோ, வலது பக்கம் திரும்புது மாப்ளே! பொத்தானை அழுத்தியா? தோ, எனக்குப் பின்னால போவுது!” உடம்போடு திரும்பினான். விரல் விமானத்தோடு சேர்ந்து வட்டம் போட்டது. “மறுபடி கடல் பக்கம். சரியா? சொல்லு, சரியா?”

“சரிதாண்ணே!” எல்சி கத்தினாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. “சரிதான்!” கஸ்பார் பெட்டியைப் பிடித்தபடி மேலே பார்ப்பதும் மச்சானைப் பார்ப்பதுமாக இருந்தான். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் பக்கம் திரும்பி முழுசாகச் சிரித்தான்.

அப்போது சத்தம் நின்றது.

எண்ணெய் தீர்ந்துவிட்டது. இன்ஜின் நின்றால் விமானம் தொப்பென்று விழுந்துவிடும் என்றுதான் எல்சி நினைத்திருந்தாள். அது விழவில்லை. கடலுக்கு மேலே உயரத்தில் ஒரு நொடி தயங்கி, மூக்கைத் தாழ்த்தி, பருந்து மாதிரி இறக்கையைப் பரப்பிக்கொண்டு காற்றில் சறுக்கியது. கஸ்பார் பொத்தானை இரண்டு தடவை அழுத்திப் பிடித்தான். அது இடது பக்கம் திரும்பியது. கடலை விட்டுக் கரைக்கு வந்தது. சத்தமே இல்லை. அலைச் சத்தம் மட்டும்தான்.

அம்புரோஸின் விரல் கடலைக் காட்டிக்கொண்டிருந்தது.

“தோ போவுது” என்றான். “நேராப் போய்க்கினே கீது. திருப்பு மாப்ளே, ரொம்ப தூரம் பூட்ச்சு.”

விமானத்தின் நிழல் மணலில் ஓடி வந்தது. அம்புரோஸின் காலைத் தொட்டு, மார்பில் ஏறி, முகத்தைக் கடந்து போனது. அவன் இமைக்கவில்லை. விமானம் அவன் தலைக்கு மேலே தாழ்ந்து சென்று, அவனுக்குப் பின்னால், வலைக்காரர்கள் பக்கத்தில், வயிற்றால் மணலைத் தேய்த்துக்கொண்டு நின்றது. வலைக்காரர்களில் ஒருவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கஸ்பாரின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

“திருப்பு, திருப்பு!” அம்புரோஸ் கத்தினான். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. “தண்ணில வுழுந்துடப் போவுது. எனக்குத் தெரியுதே, தோ, நல்லாத் தெரியுதே! ஏன் யாரும் பேச மாட்டேன்றீங்க? எல்சி?”

நீட்டிய விரல் காலி வானத்தில் அப்படியே நின்றது.

எல்சி மணலில் மெதுவாக நடந்து அவன் அருகில் போனாள். அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்தாள். அது இரும்பு மாதிரி விறைத்துக்கொண்டு இறங்க மறுத்தது. அவள் விடவில்லை.

“எறங்கிட்ச்சுண்ணே” என்றாள். “எப்பவோ எறங்கிட்ச்சு.”